பரிதிமாற் கலைஞரும் ஆங்கிலமும்: ஒரு மதிப்பீடு

பரிதிமாற் கலைஞர் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பர். ‘தமிழைச் செம்மொழி என்று முதலில் குரல் கொடுத்தவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவர் விடை. ‘தம் வடமொழிப் பெயரைத் தமிழில் மாற்றிக்கொண்டவர் யார்?’ என்பதற்கும் அவரே விடை. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அவர் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது படித்த மாணவரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. நானே ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன்.

இக்கட்டுரை அவருடைய முழு வாழ்க்கை வரலாறு அன்று. ஆட்சியாளரின் மொழியாக வந்த ஆங்கிலத்தை அவர் எப்படி எதிர்கொண்டார், எதை எடுத்தார், எதை மறுத்தார் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். மாணவர்கள் நினைப்பது போல அது ஒரே திசையில் ஓடிய வாழ்க்கை அன்று.

விளாச்சேரி

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலைக்கு அருகில் இருப்பது விளாச்சேரி. இன்று கொலுப் பொம்மை செய்வோரால் பெயர் பெற்ற ஊர். இங்கே 1870ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் சூரியநாராயண சாஸ்திரி பிறந்தார். தந்தையிடம் வடமொழியும், மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1892இல் பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டே அங்கே தமிழ் ஆசிரியராகி, விரைவில் தமிழ்த்துறைத் தலைவரும் ஆனார். காசநோயால் 1903 நவம்பர் 2இல் மறைந்தபோது அவருக்கு வயது 33.

அவர் பிறந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பசுமலை. அமெரிக்க மிஷனின் பள்ளிகள் அங்கே அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன. இன்று தல்லாகுளத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரி 1881இல் தொடங்கப்பட்டதும் பசுமலையில்தான். அக்கிரகாரத்து வேதப் பாடத்துக்கும் மலையடிவாரத்து ஆங்கிலப் பாடத்துக்கும் நடுவில் ஒரு வயல்வெளிதான் இருந்தது. அவர் தலைமுறைப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டே வளர்ந்தார்கள்.

டென்னிசனின் அன்னம்

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் வகுப்பில் டென்னிசனின் ஆர்தர் மறைவைப் பற்றிய பாட்டை நடத்திக்கொண்டிருந்தாராம். ஆர்தரைச் சுமந்துகொண்டு படகு கரையை விட்டு நகர்வதைக் கவிஞர் அன்னத்துக்கு ஒப்பிடுகிறார். இப்படி ஓர் உவமை உங்கள் தமிழில் உண்டா என்று மில்லர் கேட்க, மாணவராயிருந்த சூரியநாராயணர் எழுந்து, குகன் செலுத்திய ஓடம் கங்கையில் இளம் அன்னம் போலச் சென்றதைக் கம்பர் பாடியிருப்பதைச் சொல்லி விளக்கினாராம். மில்லர் வியந்து பாராட்டினார் என்று கதை முடியும்.

பள்ளி விழாக்களில் நானே இக்கதையைப் பத்துத் தடவைக்குக் குறையாமல் சொல்லியிருக்கிறேன். கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். நான் ஆங்கில ஆசிரியன் என்பதால் கைதட்டல் இன்னும் கொஞ்சம் கூடும். இப்போது யோசித்தால் அக்கதையில் எனக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு.

முதலாவது, கம்பரின் உவமைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது. டென்னிசனிடம் அதே உவமை இருப்பதால் கம்பர் பெரியவர் ஆகிவிடுகிறார். டென்னிசன் அந்த இடத்தில் அன்னத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லியிருந்தால், கம்பரின் அன்னத்துக்கு என்ன குறைந்துவிடும்? கேள்வியை மில்லர் கேட்கிறார். அளவுகோல் அவர் கையில் இருக்கிறது. நாம் அந்த அளவுக்கு உயரம் இருப்பதைக் காட்டிவிட்டு மகிழ்கிறோம். காலனி ஆட்சி விட்டுச் சென்றவற்றில் நாற்காலி, கோட்டு, கச்சேரிக் கட்டடங்களைவிட நீண்ட ஆயுள் உள்ளது இந்தப் பழக்கம்தான். இன்றும் ஒரு தமிழ் நாவலைப் புகழ வேண்டுமென்றால் வெளிநாட்டு நாவலாசிரியர் ஒருவர் பெயரைப் பக்கத்தில் வைக்காமல் நம்மால் முடிவதில்லை.

இரண்டாவது, கதை சொல்வோர் கவனிக்காத ஒன்று. அந்த வகுப்பில் இரண்டு பாட்டும் தெரிந்தவர் மாணவர் ஒருவர்தான். மில்லருக்குக் கம்பர் தெரியவில்லை. மாணவருக்கு டென்னிசனும் தெரிந்திருக்கிறது. ஆளப்படுகிறவன் இரண்டு மொழியில் வாழ வேண்டும் என்பது கொடுமைதான். ஆனால் அறிவு என்று பார்த்தால் அவன் கையில் இருப்பதுதான் அதிகம். சூரியநாராயணர் பின்னாளில் செய்த வேலைகள் எல்லாம் இந்த இரண்டாவது உண்மையிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

பெயரும் பதினான்கு அடிகளும்

‘தனிப்பாசுரத்தொகை’ என்ற சிறு நூலை அவர் வெளியிட்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர் என்று பெயர்த்து, அந்நூலில்தான் ‘பரிதிமாற் கலைஞர்’ என்ற பெயரை வைத்தார். தம் பெயர் தெரிந்தால் விருப்பு வெறுப்போடு படிப்பார்கள், புனைபெயரில் வந்தால் பாட்டை மட்டும் பார்ப்பார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். வாழ்நாள் முழுவதும் அவர் அந்தப் பெயரோடு நடமாடவில்லை. அவருடைய உரைநடையில் வடசொற்கள் தாராளமாக வரும். அவருடைய நாடகத்தின் பெயரே ‘ரூபாவதி’. ஒரு மதிப்பெண் வினா இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய செய்தி அந்த நூலுக்குள் இருக்கிறது. அதிலுள்ளவை ஆங்கிலத்தில் ‘சானட்’ எனப்படும் பதினான்கு அடிப் பாட்டின் முறையில் அமைந்தவை. அதாவது, பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அதே அட்டைக்குள், பாட்டின் வடிவம் ஆங்கிலத்திலிருந்து வந்திருக்கிறது. ஜி.யு. போப் அப்பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சீமையிலிருந்து வந்த வடிவம் தமிழ் உடுத்தி மீண்டும் சீமைக்கே போயிற்று.

இதில் முரண் இல்லை என்று நான் நினைக்கிறேன். அவர் சொல்லை ஒரு பக்கமும் வடிவத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார். சொல் நம்முடையதாக இருக்கட்டும், வடிவத்தை எங்கிருந்தும் எடுக்கலாம் என்பது அவர் வழி. ‘நாடகவியல்’ என்ற இலக்கண நூலிலும் இதையே செய்தார். வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடக மரபையும் படித்துவிட்டு, தமிழ் நாடகத்துக்குச் செய்யுளில் இலக்கணம் வகுத்தார். அவருக்கு முன்பே 1891இல் சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் கதை ஒன்றைத் தழுவி ‘மனோன்மணீயம்’ எழுதியிருந்தார். அந்தத் தலைமுறை ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டது.

ஆனால் எடுத்ததெல்லாம் முளைத்ததா? சானட் தமிழில் வேர் பிடிக்கவில்லை. காரணம் யாப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பாட்டின் ஓசைக்கட்டு அடியின் கடைசியில் இருக்கிறது. சானட்டில் எந்த அடி எந்த அடியோடு கடைசியில் ஒலிக்கும் என்ற கணக்குதான் அதன் எலும்புக்கூடு. தமிழ்ப் பாட்டுக்கு ஓசை முன்பக்கம். எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் நிற்கும். கடைசியில் ஒன்றும் இயைபு நமக்கு முதன்மையானது அன்று. ஆகவே கடல் கடந்து வந்தபோது சானட்டின் எலும்பு அங்கேயே தங்கிவிட்டது. ‘பதினான்கு’ என்ற எண் மட்டும் வந்து சேர்ந்தது. ஒரே எண்ணத்தை எடுத்து, திருப்பி, ஒரு சிறிய பாட்டுக்குள் முடிக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதும் அன்று. நம்மிடம் குறுந்தொகை இருந்தது.

அவருடைய பாட்டுகள் மோசமானவை என்று இதற்குப் பொருள் அல்ல. இயற்கையைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் தனி மனிதராக நின்று பேசும் குரல் அவற்றில் உண்டு. அவர் மறைந்த மறு ஆண்டு, 1904இல், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்குச் சில மாதத் தமிழாசிரியராகப் பாரதி வந்தார். மதுரை ‘விவேகபாநு’ இதழில் வந்த ‘தனிமை இரக்கம்’ என்ற அவர் பாட்டில் அந்தத் தனிக் குரலைக் கேட்கலாம். ஷெல்லியின் பெயரைப் புனைபெயரில் சேர்த்து ‘ஷெல்லிதாசன்’ என்று எழுதிய அதே பாரதிதான், பிற்காலத்தில் தம் தன்வரலாற்றுப் பாட்டில் ஆங்கிலப் படிப்பால் தந்தைக்குச் செலவும் தமக்குத் தீங்கும் வந்தன என்று கசந்து எழுதினார். வடிவத்தின் மீது காதலும் பள்ளிக்கூடத்தின் மீது கோபமும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும்.

செம்மொழி என்ற வழக்கு

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய நாட்டுமொழிகளை நீக்கும் யோசனை எழுந்தது. சூரியநாராயணரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்துப் பாடுபட்டனர். மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியிருந்த காலம் அது. தமிழ் ‘உயர்தனிச் செம்மொழி’ என்று அவர் வாதிட்டது இந்தச் சண்டைக்கு நடுவில்தான். நிதானமான ஆராய்ச்சி அறையில் பிறந்த சொல் அன்று அது.

அன்றைய அதிகாரிகள் மொழிகளை இரண்டு அறையாகப் பிரித்திருந்தார்கள். கிரேக்கம், இலத்தீன், வடமொழி ஆகியவை ஒரு பக்கம். தமிழ், தெலுங்கு முதலியவை ‘வெர்னாகுலர்’ என்று இன்னொரு பக்கம். அந்தச் சொல்லின் இலத்தீன் வேருக்கு வீட்டிலேயே பிறந்த அடிமை என்று பொருள். சூரியநாராயணர் அந்த இரண்டு அறை ஏற்பாட்டையே தவறென்று சொல்லவில்லை. தமிழ் இருக்க வேண்டிய அறை அதுவன்று, இது என்று சொன்னார்.

வழக்கறிஞர் ஒருவர் அப்படித்தான் வாதிடுவார். எதிராளியின் சட்டப் புத்தகத்தை எடுத்து அவரையே மடக்குவார். அந்த நேரத்தில் அதைவிட நல்ல வாதம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு விலை கொடுத்தோம். வழக்கில் இருக்கும் மொழி, வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழி என்பதற்காகவே அது பல்கலைக்கழகத்துக்கு உரியது என்ற எளிய வாதம் பின்னால் போய்விட்டது. தொன்மையைக் காட்டினால்தான் மரியாதை என்று ஆயிற்று. 2004 அக்டோபரில் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது மதுரைத் தெருக்களில் பட்டாசு கேட்டது. அதே ஆண்டு சூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அங்கே வாதம் நடக்கும் மொழி ஆங்கிலம். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், நீதிபதியும் கட்சிக்காரரும் தமிழராயிருக்க வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கேலி செய்திருக்கிறார். உயர் நீதிமன்றத்தில் தமிழைக் கொண்டுவர 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஒப்புதல் கிடைக்கவில்லை. செம்மொழி என்ற பட்டம் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

ராஜபார்ட்டும் பபூனும்

பரிதிமாற் கலைஞரின் நாடகங்களை இன்று நூலகத்தில் தேட வேண்டும். களவழி நாற்பதின் கதையை வைத்து அவர் எழுதிய ‘மானவிசயம்’ செறிவான தமிழ்தான். ஆனால் மதுரைச் சீமையில் பங்குனி, சித்திரை மாதத் திருவிழாவுக்கு இரவு முழுக்க ஜனம் உட்கார்ந்து பார்த்தது வேறு நாடகம். அவரைவிட மூன்று வயது மூத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ ஆகியவற்றை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் இன்றும் ஆடுகிறார்கள்.

அதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். ஒரே கம்பெனி ஆட்களாக இல்லாமல், ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக நடிகர்களைப் பேசி அழைப்பதால் ‘ஸ்பெஷல்’. கதாநாயகன் ராஜபார்ட். கதாநாயகி ஸ்திரீபார்ட். திருடன் வேடம் கட்டுகிறவர் கள்ளபார்ட். முதலில் வந்து சபையைச் சிரிக்கவைப்பவர் பபூன். ஓரத்தில் ஆர்மோனியம். இவ்வளவு ஆங்கிலச் சொல்லையும் மேடையில் வைத்துக்கொண்டு அந்த நாடகத்தை ஆங்கில நாடகம் என்று சொல்ல எவனாவது துணிவானா? ‘ராஜபார்ட்’ என்ற சொல்லில் முதல் பாதி வடமொழி, மறுபாதி ஆங்கிலம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அதைவிடத் தமிழான சொல் எனக்குத் தெரியாது.

இங்கே நடந்திருப்பது கலைஞர் செய்ததற்கு நேர் எதிர். அவர் சொல்லை மறுத்து வடிவத்தை எடுத்தார். கிராம மேடை சொல்லை எடுத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த அதிகாரத்தை உதறிவிட்டது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், மேஸ்திரி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப் போனவை. கக்கூஸ் டச்சுக்காரர் தந்தது. வக்கீலும் தாசில்தாரும் வேறு பழைய ஆட்சிகளின் பாக்கி. இவற்றைச் சொல்லும்போது எவரும் தம்மைப் பெரிய மனிதராக நினைத்துக்கொள்வதில்லை. ஆள்கிறவன் போன பிறகு அவன் சொற்கள் வேலைக்காரச் சொற்களாகிவிடுகின்றன. ஆங்கிலச் சொற்களில் பாதி இப்படி ஆகிவிட்டன: பஸ், டீ, பார்ட், ஸ்பெஷல். மற்றப் பாதி ஆகவில்லை. அந்த மற்றப் பாதிதான் நமக்குத் தகராறு.

மொழித்தூய்மை பேசியவர்களும் இந்த இரண்டாம் பாதியைத் தொடத் தயங்கினார்கள். கிறித்தவக் கல்லூரியில் சூரியநாராயணரோடு 1898 முதல் பணியாற்றிய சுவாமி வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி மறைமலையடிகள் ஆனார். அவர் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை வைத்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய சண்டை வடமொழியோடு. ஆங்கிலம் அந்தச் சண்டையில் அவருக்கு ஒரு துணை. 1965 ஜனவரி 25இல் மதுரையில் மூண்ட மொழிப் போராட்டத்திலும் அப்படியே. இந்திக்கு எதிராக நின்ற மாணவர்கள் ஆங்கிலத்தைக் கேடயமாகப் பிடித்தார்கள். 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. கேடயம் நல்ல கேடயம்தான். அதைப் பிடித்த கையில் தழும்பு விழுந்ததைப் பேசத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

ஓர் அனுபவம்

முப்பது ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவன், ஆங்கில மோகத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், வகுப்பில் தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் என்று சில காலம் வைத்திருந்தார்கள். வசூலித்தவர்களில் நானும் ஒருவன்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது விளாச்சேரிப் பக்கம் கொத்தனார் வேலை பார்க்கிறார். மகளை ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்திருக்கிறார். 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளிலேயே அது வந்துவிட்டதால் கட்டணச் சுமை இல்லை. நான் என் கருத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா ஆஸ்பத்திரியில கையில ஒரு ரிப்போர்ட்டக் குடுத்தா, அத யாருகிட்ட காட்டிப் படிக்கச் சொல்றதுன்னு நிக்கிறேன்ல. எம்பிள்ள நிக்கக் கூடாது சார்.”

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மருத்துவ அறிக்கை தமிழில் வர வேண்டும் என்பதுதான் பதில். அது அவருக்கும் தெரியும். அது வரும்வரை மகள் காத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு. பொது அறிவுப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தவள், பரிதிமாற் கலைஞர் நம்ம ஊர்க்காரர் என்று பெருமையோடு சொன்னாள். அவர் வீடு நினைவில்லமாக இருப்பதையும் பார்த்திருக்கிறாள். அவர் எழுதியது ஏதாவது தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். மறுமுறை போனபோது தனிப்பாசுரத்தொகையிலிருந்து இரண்டு பாட்டைப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அருஞ்சொற்களுக்கு என்னிடம் பொருள் கேட்டுக்கொண்டே படித்தாள். முடித்துவிட்டு, தன் ஆங்கிலப் பாடநூலிலிருக்கும் பாட்டுகளில் வரியின் கடைசியில் ஒரே சத்தம் வருகிறதே, இதில் ஏன் தாத்தா முன்னால் வருகிறது என்று கேட்டாள். எதுகையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பொழுது சாய்ந்து, அவள் அப்பா வேலையிலிருந்து திரும்பும்வரை அது ஓடியது.